தூதன் குடித்தான், ராணி கடலுக்குப் போனாள்

ஐரோப்பாவின் பழங்கதைகளில் ஒரு ராஜாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால், சரியாகப் பத்தாம் மாதம் எல்லையில் சண்டை வரும். ராணிக்கு இடுப்பு வலி எடுக்கிற வாரம் பார்த்து ஸ்காட்லாந்துக்காரன் வாலாட்டுவான். ராஜா கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்புவார். போகிற போக்கில் கோட்டைத் தலைவனைக் கூப்பிட்டு, "பிள்ளை பிறந்ததும் ஒரு வரி எழுதிப் போடு" என்பார். சண்டையில் ராஜாவுக்கு ஒரு கீறல்கூட விழாது. வீட்டில் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படுத்திருந்தவளுக்குத்தான் நாடு கடத்தல்.

நடுவில் ஒரு தூதன் இருக்கிறான். அவனுக்குத் தாகம் அதிகம்.

இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா என்று இந்தக் கதை போகாத ஊர் இல்லை. நாட்டார் கதைகளுக்கு எண் போட்டு அடுக்குகிற அறிஞர்கள் கையிழந்த பெண்ணின் கதைக்கு 706 என்றும், பெற்ற பிள்ளையை நாய்க்குட்டி என்று சொல்லி ஒதுக்கப்பட்ட ராணியின் கதைக்கு 707 என்றும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் சிறை அறைகள். இரண்டிலும் குற்றம் செய்யாத பெண் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வழக்கிலும் சாட்சி ஒரு காகிதம்.

இந்தக் குடும்பத்தில் பேர் பெற்ற மருமகள் என்று கான்ஸ்டன்ஸைச் சொல்லலாம். ஆங்கிலக் கவி சாஸர் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஒரு வக்கீலின் வாயால் இவள் கதையைச் சொல்ல வைத்தார். அவர் காலத்து இன்னொரு கவியான கவரும் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், நிக்கோலஸ் டிரிவெட் என்ற டொமினிக்கன் துறவி, இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் மகள் மேரிக்காக எழுதிய வரலாற்று நூலில் இதைச் சேர்த்திருந்தார். மேரி கன்னியாஸ்திரீ. மாமியார் கிடையாது. நிம்மதியாகப் படித்திருப்பார்.

கான்ஸ்டன்ஸ் ரோமாபுரிப் பேரரசரின் மகள். சிரியா சுல்தான், வியாபாரிகள் அவளைப் பற்றிச் சொன்னதைக் கேட்டே மயங்கி, மதம் மாறி, கட்டிக்கொள்ள முன்வந்தார். சுல்தானின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாண விருந்தில் பெற்ற மகனையும் சேர்த்து எல்லாரையும் வெட்டிப்போட்டுவிட்டு, மருமகளை மட்டும் சுக்கான் இல்லாத படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டாள். மத்தியதரைக் கடலில் விட்ட படகு மூன்று வருஷத்துக்குமேல் மிதந்து, ஜிப்ரால்டரைச் சுற்றி, இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்தில் கரை ஒதுங்கியது. மாலுமி இல்லை, சுக்கான் இல்லை, ஒரு தடவைகூடப் பாறையில் மோதவில்லை. இந்தக் கதையில் பொறுப்பாக வேலை செய்த ஒரே ஆள் அந்தப் படகுதான்.

கோட்டைத் தலைவனின் மனைவி ஹெர்மன்கில்ட் அவளை வீட்டோடு சேர்த்துக்கொண்டாள். கான்ஸ்டன்ஸ் மீது கண் வைத்துத் தோற்ற ஒரு வீரன், ஹெர்மன்கில்டின் கழுத்தை அறுத்துவிட்டு, கத்தியைக் கான்ஸ்டன்ஸ் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனான். விசாரணையில் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தான். உடனே எங்கிருந்தோ ஒரு கை வந்து அவன் பிடரியில் ஓர் அறை விட்டது. கண்ணிரண்டும் தெறித்து விழுந்தன. ராஜா அல்லா (இங்கிலாந்தில் இந்தப் பெயரில் பழைய ராஜா ஒருவர் இருந்தார், நமக்குத் தெரிந்த அல்லாவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) இதைப் பார்த்து மலைத்து, மதம் மாறி, அவளையே கல்யாணமும் செய்துகொண்டார்.

பொய் சொன்னவன் பிடரியில் அறைவதற்கு வானத்திலிருந்து கை வருகிற நாடு இது. அப்பேர்ப்பட்ட நாட்டில் கடிதத்தைத் திருத்தியபோது அந்தக் கை எங்கே போயிருந்தது? வக்கீல் சொல்கிற கதை என்பதால் குறுக்கு விசாரணைக்கு இடமே வைக்கவில்லை.

பிள்ளை பிறந்தது. ராஜா அப்போது சண்டைக்குப் போயிருந்தார். பிள்ளைக்கு மொரீஸ் என்று பெயர் வைத்தார்கள். கோட்டைத் தலைவன் ராஜாவுக்கு நல்ல சேதி எழுதி, அரக்கு வைத்து, தூதன் கையில் கொடுத்தான். போர்க்களம் ஒரு பக்கம். தூதன் போனதோ ராஜாவின் அம்மா டோனகில்ட் வீட்டுக்கு. வழி தப்பிப் போகவில்லை. பெரியம்மா காதில் முதலில் போட்டால் ஏதாவது தேறும் என்ற கணக்கில் போனான்.

"தாயே, பேரன் பிறந்திருக்கான். கடுதாசி என்கிட்டதான் இருக்கு. ராஜாவுக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, கையோட கொண்டுபோறேன்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்ப்பா. இந்நேரத்துல எங்க போகப்போற? ராத்திரி இங்கயே தங்கிட்டுக் காலைல கெளம்பு. யாருடா அங்க, இவனுக்கு என்ன வேணுமோ ஊத்துங்க."

பீரும் ஒயினும் மாறி மாறி ஊற்றினார்கள். பன்றி போலத் தூங்கினான் என்று சாஸரே எழுதுகிறார். அந்தத் தூக்கத்தில் பையிலிருந்த கடிதம் போய் வேறு கடிதம் வந்தது. பிறந்தது பிள்ளை இல்லை, பேய். கோட்டையில் ஒருவரும் அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. தாய்க்காரி மனுஷியே அல்ல, மோகினி. புதுக் கடிதத்தின் சாரம் இதுதான்.

அல்லா படித்தார். வருத்தம் தொண்டையை அடைத்தது. ஆனாலும் அவர் எழுதிய பதிலைக் குறை சொல்ல முடியாது. கடவுள் கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறேன், பிள்ளை எப்படி இருந்தாலும் சரி, நான் வரும்வரை அதையும் என் மனைவியையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று எழுதினார். அந்தக் காலத்துப் புருஷனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இந்தக் காலத்திலும் பிரசவ வார்டு வாசலில் பெண் குழந்தை என்று கேட்டதும் திரும்பி நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தூதன் பதிலோடு திரும்பினான். நேரே எங்கே போனான்? அதே வீடு, அதே பீர், அதே தூக்கம். இந்தத் தடவை பையில் ஏறிய கடிதம்: இன்னும் மூன்று நாளுக்குள் கான்ஸ்டன்ஸை அவள் வந்த படகிலேயே பிள்ளையோடு ஏற்றிக் கடலில் தள்ளு. தள்ளாவிட்டால் உனக்குத் தூக்கு. கோட்டைத் தலைவன் அழுதான். ஊரே அழுதது. எல்லாரும் அழுதுகொண்டே படகைத் தள்ளினார்கள். பிள்ளை பிறந்ததைத் தன் கையால் எழுதி அனுப்பியவனே இந்தக் கோட்டைத் தலைவன்தான். அவன் எழுதியது ஒன்று, வந்த பதில் வேறொன்று. "நாம எழுதினது என்ன, இவர் சொல்றது என்ன?" என்று ஒரு நிமிஷம் யோசித்து இன்னொரு ஆளை அனுப்பியிருந்தால் ஐந்து வருஷக் கடல் பயணம் மிச்சமாகியிருக்கும். மேலிடத்து உத்தரவு என்று வந்துவிட்டால் அப்புறம் அழலாமே தவிர யோசிக்கக் கூடாது போலிருக்கிறது.

இந்த மொரீஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மொரீஸ் என்ற பேரரசர் வரலாற்றில் உண்மையாகவே இருந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் 582 முதல் 602 வரை ஆண்டார். சொந்த ஊர் கப்படோக்கியா, இன்றைய துருக்கியில். மாமனார் பேரரசர் டைபீரியஸ். மனைவி பெயர் கான்ஸ்டன்டினா. டிரிவெட் அந்த மனைவியைத் தூக்கி அவருக்கே தாயாக்கி, மாமனாரைத் தாத்தாவாக்கி, துருக்கிப் பக்கத்துக்காரரை இங்கிலாந்தில் பிறக்கவைத்து, எல்லாவற்றையும் 'வரலாறு' என்று தலைப்பிட்டு இளவரசி கையில் கொடுத்துவிட்டார். டோனகில்ட் இரண்டு கடிதத்தை மாற்றியதற்குத் தலை போனது. டிரிவெட் ஒரு வம்சத்தையே மாற்றினார், ஆக்ஸ்போர்டில் அவருக்கு நல்ல பெயர்.

போலிக் கடிதங்களில் ராணி எதைப் பெற்றாள் என்று வருகிற பட்டியலைத் தனியாகத் தொகுத்தால் ஒரு மிருகக்காட்சிசாலை தேறும். கான்ஸ்டன்ஸுக்குப் பேய். இத்தாலியில் ஜம்பத்திஸ்தா பசீலே 1630களில் வெளிவந்த தன் தொகுப்பில் எழுதிய பென்டா என்ற கையிழந்த பெண்ணுக்கு நாய்க்குட்டி. ரஷ்யாவில் புஷ்கின் 1831இல் எழுதிய சல்தான் ராஜா கதையில் வருகிற கடிதம் இன்னும் சாமர்த்தியம்: ஆணுமில்லை, பெண்ணுமில்லை, எலியுமில்லை, தவளையுமில்லை, என்னவென்றே தெரியாத ஒரு ஜந்து. எழுதிய ராணியின் அக்காமார் கற்பனை தீர்ந்துபோய், மிச்சத்தை ராஜாவே நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். சல்தானும் நன்றாகவே நினைத்துப் பார்த்திருக்கிறார். முதல் வேலையாகக் கடிதம் கொண்டுவந்தவனைத் தூக்கில் போடப் பார்த்தார். இந்தக் கதைக் குடும்பத்தில் கடிதம் படித்த கையோடு தூதன் மேல் பாய்ந்த ராஜா அவர்தான், காரணம்தான் தப்பு. பிறகு மனம் இளகி, "நான் வந்து முடிவு சொல்கிறேன், காத்திருங்கள்" என்று பதில் எழுதினார். தூதனை மறுபடியும் குடிக்க வைத்து, மறுபடியும் கடிதம் மாற்றி, ராணியையும் பிள்ளையையும் பீப்பாயில் அடைத்துக் கடலில் உருட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, கொசுவாகவும் ஈயாகவும் வண்டாகவும் உருமாறிப் பறந்துவந்து, சதி செய்தவர்களை முகத்தில் கொட்டிவிட்டுப் போனான். 1900இல் ரிம்ஸ்கி கோர்சகோவ் இதை ஆப்பெராவாக்கியபோது அந்த வண்டு பறக்கிற இடத்துக்குப் போட்ட இசை உலகப் புகழ் பெற்றது. வயலின் வித்வான்கள் இன்றும் வேகப் போட்டிக்கு அதைத்தான் வாசிக்கிறார்கள். பின்னணியில் இருப்பது ஒரு கடிதத் திருட்டு வழக்கு என்பது பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

எதற்காக இத்தனை கடிதம்? மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை என்றால் கஞ்சியில் எதையாவது கலந்து கொடுத்துவிட்டுப் போகலாம். குதிரை, அரக்கு, பொய்க் கையெழுத்து, இரண்டு பீப்பாய் பீர் என்று செலவு செய்வானேன்?

புருஷனுக்காகத்தான். கதையின் கடைசியில் இவர்கள் மறுபடியும் சேர்ந்து வாழ வேண்டும். கட்டின மனைவியையும் கைக்குழந்தையையும் கடலில் தள்ளச் சொன்னவனோடு எவள் சேருவாள்? கேட்கிறவர்கள்தான் ஒத்துக்கொள்வார்களா? அதனால் கதை சொல்லி ஒரு வழி செய்கிறான். ராஜாவை நல்ல கடிதம் ஒன்று எழுத வைக்கிறான். அது நமக்குத் தெரியும், ராணிக்குத் தெரியாது. பிறகு அந்தக் கடிதத்தை இன்னொரு பெண்ணின் கையால் கிழிக்க வைக்கிறான். முத்திரை ராஜாவுடையது, அதிகாரம் ராஜாவுடையது, படகைத் தள்ளியவன் ராஜாவின் சேவகன். பாவம் மட்டும் கிழவியின் கணக்கில். ஊருக்குத் திரும்பிய அல்லா, தூதனைச் சித்திரவதை செய்து உண்மையை வரவழைத்து, பெற்ற தாயை வெட்டிப்போட்டார். அப்புறம் அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேட ரோமாபுரிக்குப் போன இடத்தில்தான் மனைவி கிடைத்தாள். தாயைக் கொன்றதற்குப் பிராயச்சித்தம். மனைவி கடலில் கிடந்த ஐந்து வருஷத்துக்கு ஒன்றுமில்லை, அது தபால் தவறு.

டிரிவெட் கதையில் ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். போரில் ஜெயித்துத் திரும்புகிற அல்லாவுக்குப் பூமாலை கிடைக்கவில்லை. வழியெல்லாம் ஜனங்கள் திட்டுகிறார்கள். சேற்றையும் கல்லையும் வீசுகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் துணியைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டுகிறார்கள். ராஜா பகலில் நடமாட முடியாமல் ராத்திரியில் ஊர் போய்ச் சேர வேண்டியதாகிறது. காரணம் அவருக்கு விளங்கவில்லை. ஜனங்களுக்குப் போலிக் கடிதம் பற்றித் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ராஜா முத்திரை போட்டு ஒரு பச்சை உடம்புக்காரி படகில் ஏற்றப்பட்டாள் என்பது. இந்தக் கதைக் கூட்டத்திலேயே புருஷனைப் பார்த்து நேரடியாகக் கேள்வி கேட்டவர்கள் அந்தப் பெண்கள்தான். கேட்ட விதம் கொஞ்சம் கரடுமுரடு. சாஸர் அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்.

கிழவிகள் எப்போதுமே குற்றவாளியாக இருக்கவும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் எழுதிய ஆஃபா ராஜாவின் சரித்திரத்தில் மாமியாரே கிடையாது. ஆஃபாவின் மனைவி காட்டில் கிடைத்தவள். பெற்ற தகப்பன் அவளையே கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அவள் மறுத்ததால் காட்டில் விடப்பட்டவள். ஆஃபா ஸ்காட்லாந்துக்காரனோடு சண்டைக்குப் போகிறார் (யாரோடு போவார் பின்னே). அவர் அனுப்பிய தூதன் வழியில் ஒரு வீட்டில் தங்கிக் குடிக்கிறான். அது அந்தத் தகப்பன் வீடு. கடிதத்தை மாற்றியவன் அவனேதான். என் போரெல்லாம் தோற்றதற்கு இந்தச் சூனியக்காரியைக் கட்டியதுதான் காரணம், இவளையும் பிள்ளைகளையும் வனாந்தரத்தில் கொண்டுபோய்க் கை கால் வெட்டிப் போடுங்கள் என்று மருமகன் பெயரில் எழுதுகிறான்.

பிரெஞ்சில் ஃபிலிப் த ரெமி அதே நூற்றாண்டில் எழுதிய 'மனகீன்' காவியத்திலும் தொடக்கம் தகப்பன்தான். ஹங்கேரி ராஜா, இறந்துபோன மனைவியின் சாயலில் ஒருத்தி கிடைத்தால்தான் மறுமணம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சாயலில் இருந்தவள் மகள். அந்தப் பெண் தன் இடது கையைத் தானே வெட்டி ஆற்றில் போட்டாள். உறுப்பு குறைந்தவளை ராஜா கட்டக் கூடாது என்பது வழக்கம். கையை ஒரு மீன் விழுங்கியது. பல வருஷம் கழித்து அந்த மீன் ரோமாபுரியில் கிடைக்க, போப்பாண்டவர் கையை எடுத்துப் பழையபடி ஒட்டவைத்தார். துளி கெடாமல் இருந்ததாம். ஆனால் நடுவில் கடிதம் மாற்றுகிற வேலைக்கு ஃபிலிப் ஆளை மாற்றிவிட்டார்: ஸ்காட்லாந்து ராஜாவின் அம்மா. தகப்பன் செய்தது ஒரு பக்கம் இருக்க, கதையின் பெரிய வில்லி பட்டம் மாமியாருக்குப் போய்விட்டது. அவள் அனுப்பிய உத்தரவுப்படி மருமகளை எரிக்க வேண்டும். கோட்டைத் தலைவன் கொஞ்சம் விவரமானவன், மரப்பொம்மையை எரித்துவிட்டுக் கணக்குக் காட்டினான். அரசு வேலைக்குத் தேவையான முழுத் தகுதியும் உள்ள ஆள்.

அமெரிக்க அறிஞர் மார்கரெட் ஷ்லாக் 1927இல் குற்றம் சாட்டப்பட்ட இந்த ராணிகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் காட்டுவது இது: பழைய வடிவங்களில் தகப்பன், மாமியார், மந்திரம், பேய்ப்பிள்ளை. காலம் போகப் போக அந்த இடத்தில் ராணி மேல் கண் வைத்துத் தோற்ற மந்திரியும் தளபதியும் வந்து உட்கார்கிறார்கள்.

கிரிம் சகோதரர்கள் செய்ததைக் கேட்டால் டோனகில்டுக்கே பொறாமை வரும். 'கையில்லாத பெண்' கதை அவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் கிடைத்தது. ஒன்றில் தகப்பனே மகளைக் கட்டிக்கொள்ள நினைத்து, மறுத்தவளின் கைகளை வெட்டித் துரத்துகிறான். அச்சிட்டபோது அதை அடிக்குறிப்புப் பகுதியில் தள்ளிவிட்டு, ஏழை மாவுமில்காரன் பிசாசிடம் ஏமாந்து மகளைக் கொடுப்பதாகச் சொல்லும் தொடக்கத்தை வைத்துக்கொண்டார்கள். தகப்பன் இங்கேயும் கையை வெட்டுகிறான், அழுதுகொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிசாசின் வற்புறுத்தலுக்காக. கடிதம் மாற்றுகிற இலாகாவும் பிசாசிடம் போய்விட்டது. இந்தக் கதையின் தூதன் குடிப்பதுகூட இல்லை, ஓடைக்கரையில் காற்று வாங்கப் படுத்துத் தூங்கிவிடுகிறான். மாமியார் இங்கே தங்கம். மகனிடமிருந்து மருமகளைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்ததும், நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்கிறாள். நூற்றாண்டுக் கணக்கில் ஓடிய இந்தத் தபாலில் மறு உறுதி கேட்ட ஒரே மனுஷி அந்தக் கிழவி. ஒவ்வொரு பதிலையும் பிசாசு மாற்றிக்கொண்டே இருக்க, கடைசியில் மான் ஒன்றின் கண்ணையும் நாக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு மருமகளைக் கண்ணீரோடு அனுப்பிவைக்கிறாள்.

இந்தக் கையில்லாத பெண் கப்பலேறித் தமிழுக்கும் வந்திருக்கிறாள். ஞானசௌந்தரி என்றால் தெரியாதவர்கள் நம் தாத்தா பாட்டி தலைமுறையில் குறைவு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நாடகமாகவும் கூத்தாகவும் விடிய விடிய ஆடிய கதை. இங்கே தகப்பனும் தப்பித்தார், மாமியாரும் தப்பித்தாள். எல்லாம் சித்தி லேனாளின் தலையில். அவள் ஏவிய ஆட்கள் ஞானசௌந்தரியின் கைகளை வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். இளவரசன் பிலேந்திரன் கண்டு மணக்கிறான். அவன் வெளியே போயிருக்கும்போது கடிதம் மாறுகிறது. பெற்ற பிள்ளைகளோடு மறுபடியும் காடு. தேவமாதா கைகளைத் திருப்பித் தருகிறாள்.

1948இல் இந்தக் கதைக்கே ஒரு வழக்கு வரும்போல ஆயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு கம்பெனிகள் ஞானசௌந்தரியை எடுத்தன. சிட்டாடல் படத்தில் டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும். அதில் தேவமாதாவை நோக்கிச் சிறுமி ஞானசௌந்தரி ஜிக்கியின் குரலில் பாடத் தொடங்கி, வளர்ந்ததும் பி.ஏ. பெரியநாயகியின் குரலில் தொடர்வாள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். மற்றது ஜெமினி. 'சந்திரலேகா'வில் காசைத் தண்ணீராகக் கொட்டிய எஸ்.எஸ். வாசன், அதே வருஷம் வந்த தன் ஞானசௌந்தரி எடுபடவில்லை என்று தெரிந்ததும் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். நாடு கடத்தப்பட்டவள் இந்தத் தடவையும் ராணிதான்.

சிட்டாடல் படத்தை இயக்கிய எஃப். நாகூர் 1953இல் 'ஜெனோவா' எடுத்தார். எம்.ஜி.ஆர்., பி.எஸ். சரோஜா, வில்லனாக பி.எஸ். வீரப்பா. தமிழிலும் மலையாளத்திலும் வந்தது. எம்.எஸ். விஸ்வநாதன் தொடக்க காலத்தில் இசையமைத்த படங்களில் இதுவும் ஒன்று. மூலக் கதை ஐரோப்பாவில் பிரபலமான பிரபான்ட் நாட்டு ஜெனவீவ். புருஷன் சண்டைக்குப் போகிறான். நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள விட்டுப்போன கோலோ அவளிடம் வாலாட்டி, நடக்காமல் போகவே, ராணி நடத்தை சரியில்லை என்று சேதி அனுப்புகிறான். இங்கே கடிதத்தை யாரும் மாற்றவில்லை. மாற்றத் தேவை இல்லை. புருஷன் அப்படியே நம்பிவிட்டான். கொல்லச் சொல்லி உத்தரவும் போட்டுவிட்டான். கொலையாளிகள் இரக்கப்பட்டுக் குகையில் விட, ஒரு மான் பால் கொடுத்துப் பிள்ளையை வளர்க்கிறது. வேறு எந்தப் படத்திலும் வாத்தியார் தாய்க்குலத்தைப் பற்றி இப்படி ஒரு வதந்தியை நம்பியிருந்தால் ரசிகர்கள் கொட்டகையைக் கொளுத்தியிருப்பார்கள்.

கடிதம் மாறுவது நல்லதுக்கும் நடக்கலாம் என்று இந்தியாவில் ஒருத்தி காட்டியிருக்கிறாள். சந்திரஹாசன் கதையில் மந்திரி துஷ்டபுத்தி, கடிதம் கொண்டுபோகிறவனுக்கே விஷம் கொடுக்கச் சொல்லி மகனுக்கு எழுதியிருந்தான். தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த சந்திரஹாசனை மந்திரி மகள் விஷயை பார்த்தாள், பிடித்துப்போயிற்று, கடிதத்தைப் பிரித்தாள், கண் மையைத் தொட்டு ஓர் எழுத்தைச் சேர்த்தாள். விஷம் கொடு என்பது விஷயையைக் கொடு என்றாகி, அண்ணன் உடனே கல்யாணத்தை முடித்துவிட்டான். பையனுக்கு உயிர், பெண்ணுக்கு மாப்பிள்ளை, செலவு ஒரு நகம் மை. டோனகில்ட் வகையறா இவளிடம் கொஞ்சம் படித்திருக்கலாம்.

கதைதானே, போகட்டும் என்று விட முடியாதபடி இதில் ஒன்று நிஜமாகவே நடந்தது. ஜெனவீவ் கதைக்குப் பின்னால் இருப்பது இந்தப் பெண்ணின் நிழல்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. பெயர் மரியா, பிரபான்ட் பிரபு இரண்டாம் ஹென்றியின் மகள். 1254இல் பவேரியாவின் இரண்டாம் லூட்விக்கை மணந்தாள். அவருக்கு வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர். அவள் டோனவ்வெர்த் கோட்டையில் இருந்தாள். அங்கிருந்து இரண்டு கடிதம் எழுதினாள் என்று சொல்லப்படுகிறது. ஒன்று புருஷனுக்கு. இன்னொன்று புருஷனோடு இருந்த ஒரு பிரபுவுக்கு, எப்படியாவது எடுத்துச் சொல்லி அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், நீங்கள் கேட்டிருந்ததைத் தருகிறேன் என்று. தூதனுக்கு எழுத்து வாசனை கிடையாது. மாற்றிக் கொடுத்துவிட்டான். மாமியார் இல்லை, பிசாசு இல்லை, பீர்கூட இல்லை.

பிரபுவுக்குப் போக வேண்டிய கடிதத்தை லூட்விக் படித்தார். "யார் எழுதியது, எதற்கு?" என்று யாரையும் கேட்கவில்லை. குதிரையை விரட்டிக்கொண்டு டோனவ்வெர்த் வந்தார். 1256 ஜனவரி 18 அன்று மரியாவின் தலையை வெட்ட வைத்தார். பிறகுதான் அவள் மேல் தப்பில்லை என்பது தெரிந்தது. எரிப்பதற்கு மரப்பொம்மை செய்து வைக்க அங்கே ஒரு கோட்டைத் தலைவன் இருக்கவில்லை. மானும் வரவில்லை. தலை திரும்ப ஒட்டிக்கொள்ளவும் இல்லை.

ஒரே ராத்திரியில் அவர் தலை நரைத்துவிட்டது என்று ஊர் சொன்னது. அப்போது அவருக்கு வயது 26. நரை வந்தால் என்ன, பிராயச்சித்தத்துக்கு வழி இருந்தது. சிலுவைப் போருக்குப் போகலாம் அல்லது மடம் கட்டலாம் என்ற நிலையில் அவர் மடத்தைத் தேர்ந்தெடுத்தார். மியூனிக்குக்குப் பக்கத்தில் ஃபூர்ஸ்டன்ஃபெல்டில் சிஸ்டர்சிய மடம் எழும்பியது, இன்றும் பார்க்க அழகாக இருக்கிறது. வரலாறு இவருக்குக் கொடுத்த பட்டம் கொலைகாரர் லூட்விக் அல்ல, 'கண்டிப்பான' லூட்விக். பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுக்கிற பெயர்.

அதன் பிறகு 1260இல் ஒரு கல்யாணம், அந்த மனைவி இறந்ததும் 1273இல் இன்னொன்று. மூன்றாவதாக வந்தவர் ஹாப்ஸ்பர்க் ருடால்பின் மகள் மெட்டில்டா. அவர் பெற்ற பிள்ளைகளில் ஒருவர் புனித ரோமானியப் பேரரசராகவே முடிசூடினார். குடும்பம் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. மெட்டில்டா அம்மையார் புருஷன் வெளியூர் போயிருந்த நாட்களில் இரண்டு கடிதங்களை ஒரே ஆள் கையில் கொடுத்து அனுப்பியிருக்க மாட்டார் என்று நம்பலாம்.